சிறுவாணித் தண்ணீரும் டிஸ்கஸும்

பெரம்பூர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வித்யாவுக்கு,

நீ போனில் கேட்டபோதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். "சரி மாமா, சரி மாமா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் கடை வாசலில் போய் நிற்பாய். எழுதி அனுப்பினால் மாப்பிள்ளையும் படிப்பார். நாளைக்கு உங்களுக்குள் வாக்குவாதம் வந்தால் எடுத்துக் காட்டவும் வசதி.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். டிஸ்கஸ் மீன் வளர்க்க உனக்கு வாய்த்திருக்கும் தண்ணீர் எங்களுக்கு இல்லை. இங்கே எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துதான் தொட்டியில் விடுகிறேன். உன் வீட்டுக் குழாயில் சிறுவாணி வருகிறது. அதன் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோவைக்காரர்கள் லேசில் நிறுத்த மாட்டீர்கள். ருசி ஒருபுறம் இருக்கட்டும், அதில் கரைந்த உப்பும் சுண்ணாம்பும் குறைவு. டிஸ்கஸ் விரும்புவதும் அந்த மாதிரித் தண்ணீரைத்தான்.

இந்த மீனின் சொந்த ஊர் அமேசான். ஆஸ்திரியாக்காரர் யோஹான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் சுற்றித் திரிந்து சேகரித்த உயிரினங்களில் இதுவும் ஒன்று. ரியோ நீக்ரோ ஆற்றில் கிடைத்த அந்த மீனை வியன்னாவில் வைத்து ஆராய்ந்து, ஹெக்கெல் என்பவர் 1840இல் சிம்பைசோடான் டிஸ்கஸ் என்று பெயரிட்டார். அந்த ஆற்றுத் தண்ணீர் கரும்பழுப்பாக இருக்கும். காட்டில் உதிர்ந்த இலைகளின் சாறு இறங்கி இறங்கி அமிலம் ஏறியிருக்கும், பி.எச். 5க்குக் கீழேகூடப் போகும். வெள்ளக் காலத்தில் ஆறு பொங்கிக் காட்டுக்குள் புகுந்துவிடும். வற்றும் காலத்தில் மீன்கள் கரையோரம் விழுந்து கிடக்கும் மரக்கிளைகளுக்குள் கூட்டமாக ஒதுங்கும். இவ்வளவு தட்டையான உடம்பு எதற்கு என்று கேட்டாயே, அந்த இடுக்குகளுக்குள் நுழைந்து நிற்க வசதியான உடம்பு அது. இரவில் டார்ச் அடித்துப் பிடிப்பார்கள். அந்த ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஒரு ஊர். வண்ணமீன் பிடிப்பது அங்கே பலருக்கு ஜீவனம். வருஷா வருஷம் நடக்கிற திருவிழாவில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுகிறது. ஒரு கட்சிக்கு கார்டினல் டெட்ரா, இன்னொன்றுக்கு டிஸ்கஸ். கட்சி பிரிய இதைவிட நல்ல காரணம் நம்மூரில் கிடைக்காது.

ஆனால் நீ கடையில் பார்க்கப்போகும் மீன் அந்த ஆற்றைப் பார்த்ததே இருக்காது. சென்னையிலோ பினாங்கிலோ தாய்லாந்திலோ கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளர்ந்ததாக இருக்கும். பி.எச். 7, 7.5 வரைக்கும் பழகிக்கொள்ளும். ரியோ நீக்ரோவைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று அமிலம் வாங்கி ஊற்றாதே. தெருவோர நாட்டுவாதுமை மரத்தில் காய்ந்து விழும் இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் போதும்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்கஸ் தொட்டால் செத்துப்போகும் மீன் என்று ஒரு பேர் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் தோலைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு அது மற்ற மீன்களைவிட வாய்விட்டுப் பேசுகிற மீன்.

முட்டை பொரித்து நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் போய் ஒட்டிக்கொண்டு, தோலில் ஊறும் வழவழப்பைக் கொறித்துத் தின்னும். ஆரம்ப நாட்களில் அதுதான் ஆகாரம். ஒன்று களைத்துப்போனால் உடம்பை ஒரு வெட்டு வெட்டி விலகும். குஞ்சுகள் மொத்தமாக மற்றதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். தகப்பனும் பால் கொடுக்கிற ஏற்பாடு. இந்த வரியை மாப்பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. 1959இலேயே ஹில்டிமன் என்பவர் இதை ஆய்விதழில் எழுதிவிட்டார். 2010இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்தச் சுரப்பைச் சேகரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். முட்டையிட்ட பிறகு அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. மூன்றாவது வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. பால் மறக்கடிக்கிறார்கள், அவ்வளவுதான். உனக்கு மறக்கடிக்க அக்கா வேப்பிலை அரைத்துத் தடவ வேண்டியிருந்தது.

குஞ்சு வளர்க்கும் நாளில் பெற்றோரின் உடம்பு கறுக்கும். கறுப்பைத் தேடித்தான் குஞ்சுகள் வந்து சேரும். நீ படம் அனுப்பிய ஆரஞ்சு மீன் பிஜன் பிளட் வகை. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து பரவியது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது சரியாகக் கறுக்காது, குஞ்சுகள் திண்டாடும். அதோடு, சாதாரண டிஸ்கஸின் உடம்பில் மேலிருந்து கீழாக ஒன்பது பட்டைகள் இருக்கும். பயந்தாலோ உடம்புக்கு முடியாவிட்டாலோ அவை அழுத்தமாகத் தெரியும். நிம்மதியாக இருந்தால் மங்கும். பிஜன் பிளட்டில் அந்தப் பட்டையே இல்லை. முதன்முதலாக வளர்க்கிறவளுக்கு முகம் காட்டாத மீன் வேண்டாம். டர்க்காய்ஸ் வகையில் வாங்கு.

அந்த வழவழப்பு குஞ்சுக்கு ஆகாரம், பெரிய மீனுக்குக் கவசம். அதனால்தான் கடைக்காரர் 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி ஒரு சக்கர் மீனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே என்கிறேன். பாசியைத் தின்றுகொண்டிருக்கும் அது, ஒரு நாள் இரவில் டிஸ்கஸின் அகன்ற பக்கத்தில் வாயை வைத்து ஒட்டி அந்தப் பூச்சை உறிஞ்சப் பழகிவிடும். காலையில் பார்த்தால் வட்ட வட்டமாகப் புண். ஏஞ்சல் மீனும் வேண்டாம். தனக்கு ஒன்றும் செய்யாத ஒட்டுண்ணிகளை அது டிஸ்கஸுக்குக் கொடுத்துவிடும். துணைக்கு வேண்டுமானால் கார்டினல் டெட்ரா ஒரு கூட்டம் விடு. அதே ஆற்று மீன், அதே சூட்டைத் தாங்கும்.

டிஸ்கஸை ஒன்றிரண்டாக வாங்குவது பாவம். பெரியது சின்னதை மூலையில் ஒதுக்கித் தின்ன விடாது. ஆறாவது இருந்தால் கோபம் பங்கு போட்டுப் பிரிந்துபோகும். வளர்ந்தால் ஒவ்வொன்றும் 15 செ.மீ.க்குக் குறையாது, ஒன்றுக்கு 40 லிட்டராவது வேண்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி என்றால் சுமார் 340 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 340 கிலோ. நீ காட்டிய டி.வி. ஸ்டாண்டு தாங்காது. சுவரோரமாக இரும்பு ஸ்டாண்டு அடித்து வை. கல், மணல் எதுவும் கொட்டாதே. வெறும் கண்ணாடித் தரைதான் இந்த மீனுக்கு நல்லது. மிச்சத் தீனியும் கழிவும் கண்ணில் படும், குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். கூடத்துக்கு வருகிறவர்கள் "என்ன, மொட்டையாக இருக்கிறதே" என்பார்கள். சொல்லட்டும்.

இப்போது தண்ணீர். தொட்டியை நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, அதே வாரம் மீனை விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. இவை பில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தொட்டி சும்மா ஓடட்டும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுக்கொண்டிரு, அது அழுகி அம்மோனியா தரும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன் பேச்சு.

சிறுவாணியைப் புகழ்ந்தேன் அல்லவா, அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மென்னீருக்கு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் சக்தி குறைவு. கழிவு சேரச் சேரத் தொட்டியில் அமிலம் ஊறும், பி.எச். திடீரென்று சரிந்துவிடும். சரிந்த தண்ணீரில் பாக்டீரியாவும் சோர்ந்துபோகும். ஆனால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால் மீன் தெம்பாகத் தெரியும், உனக்குச் சந்தேகமே வராது. நீ ஊருக்குப் போய்விட்டு வந்து பாதித் தொட்டியைப் புதுத் தண்ணீரால் மாற்றுவாய், பி.எச். ஏறும், அத்தனையும் ஒரே நேரத்தில் நஞ்சாகும். மாற்றியதால் செத்தது என்பார்கள். மாற்றாமல் விட்டதுதான் காரணம். பெரிய மீனுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்று, சின்ன மீனுக்குத் தினமும். மாற்றி எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்று, அது எப்படித் தழைக்கிறது பார்.

உங்களுக்குக் குழாய் தினமும் வராது என்பதால் தொட்டிக்கென்றே தனியாக 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று வேண்டும். திறந்து வைத்து, ஏர் பம்பால் ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் படிகம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்.

சூடு 28இலிருந்து 30 டிகிரி. சென்னையில் வெயில் காலத்தில் அது தானாகவே வரும், ஏறாமல் பார்ப்பதுதான் எங்கள் பாடு. உங்கள் ஊரில் மார்கழி ராத்திரி 20 டிகிரிக்கு இறங்குகிறது, ஹீட்டர் இல்லாமல் நடக்காது. 300 வாட்டில் ஒன்று போடாமல் 150 வாட்டில் இரண்டு போடு. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வேகாது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், ஆகவே காற்று நிற்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்பு எத்தனை பெரிய விஷயம் என்று அப்போது தெரிந்தது.

தீனியைப் பற்றி நிறையச் சொல்வார்கள். மாட்டு இதயத்தை அரைத்துக் கட்டியாக்கிக் கொடுப்பது உலகம் முழுக்க வழக்கம். சீக்கிரம் வளரும், தண்ணீரும் சீக்கிரம் கெடும். உன் மாமியாரின் பிரீசரில் அதற்கு இடம் கிடைக்காது என்பதால் அந்தப் பேச்சை விடு. காட்டில் இந்த மீன் தின்பது பாசி, மட்கிய இலைதழை, சின்னச் சின்னப் பூச்சிகள். இறாலையும் மீன் சதையையும் கொஞ்சம் ஸ்பைருலினாவோடு அரைத்து வைத்துக் கொடு, உறைந்த சிவப்புப் புழுவும் கொடுக்கலாம். உயிருள்ள டியூபிபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம். அது எந்தச் சாக்கடையில் பிறந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

வாங்கப் போகும்போது கண்ணைப் பார். உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் வளர்ச்சி நின்றுபோன மீன். இரண்டு அங்குலக் குஞ்சு ஜொலித்தால் ஹார்மோன் கொடுத்திருப்பார்கள். உன் முன்னால் தீனி போடச் சொல். வந்து தின்னாததை வாங்காதே. மலம் வெள்ளை நூலாகத் தொங்கினால் குடலில் கோளாறு. மெட்ரோனிடசோல் கொடுத்துத் தேற்றலாம்தான், ஆனால் நோயாளியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

தொட்டியை இந்த வாரமே நிரப்பி ஹீட்டரைப் போட்டுவிடு. அடுத்த மாதம் சேரன் எக்ஸ்பிரஸில் வருகிறேன். என் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றை ஈரம் காயாமல் டப்பாவில் கொண்டுவருகிறேன். அதிலிருக்கும் பாக்டீரியா உன் தொட்டியில் பிடித்துக்கொண்டால் காத்திருக்கும் வாரங்கள் குறையும். டப்பாவைப் பிரித்துப் பார்த்து அது என்ன நாற்றம் என்று அக்கா கேட்பாள், நீதான் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் குழாய்த் தண்ணீரின் பி.எச். எவ்வளவு, ஒரு நாள் காற்று விட்ட பிறகு எவ்வளவு என்று இரண்டையும் அளந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா