அர்ச்சனை டிக்கெட்டுல என்ன எழுதறது?

 

வெள்ளிக்கிழமை அர்ச்சனை டிக்கெட் எழுதற இடத்துல உட்கார்ந்திருக்கற ஆளு நான்தான். கையுறை தொழிற்சாலையில சூப்பர்வைசர். படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும். படிப்பைப் பத்திப் பேச இவன் யாருன்னு கேட்டா பதில் இல்லை. ஆனா உங்க பேரு, நட்சத்திரம், வேண்டுதல் மூணையும் பல வருஷமா எழுதிக்கிட்டு இருக்கேன். அந்த உரிமையில எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை எஸ்.பி.எம். ரிசல்ட் வந்துச்சு. மறுநாள் வெள்ளி. கூட்டம் செருப்பு வைக்கற இடம் வரைக்கும் நின்னுச்சு. ரிசல்ட்டுக்கு நன்றி சொல்ல வந்தவங்க கொஞ்சம் பேருதான். மத்தவங்க எல்லாம் அடுத்த இடத்துக்கு வேண்டிக்க வந்தவங்க. மெட்ரிகுலேசன், பவுண்டேசன், மெடிசின். ஒரு அம்மா மகளோட ஒன்பது ஏ-வைச் சொல்லி அழுதாங்க. 2024-ல பிரதமர் 10 ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் மெட்ரிகுலேசன் இடம் உண்டுன்னு அறிவிச்சதுல இருந்து, ஒன்பது ஏ எடுத்த பிள்ளை வீட்டுல குற்றவாளி மாதிரி நிக்குது.

அன்னிக்கு என் சிநேகிதன் ஒருத்தனும் வந்தான். மேரி தோட்டத்துல ஒரே லயத்துல வளர்ந்தோம். இப்போ அவன் கிள்ளான்ல பெரிய லாரி முதலாளி. மகனை லண்டன்ல மெடிசின் சேர்க்கணும், ஏஜெண்டு பார்த்தாச்சு, வீடு ஒண்ணை வித்தாலும் பரவாயில்லைன்னான். பையனோட சர்டிபிகேட்டை அம்மன் காலடியில வைக்கச் சொன்னான். குருக்களும் வச்சாரு. பையன் பேசவே இல்லை.

அர்ச்சனை முடிஞ்சு அப்பன் போன்ல இருக்கும்போது பையன் தனியா என்கிட்ட வந்தான். அஞ்சு வெள்ளி நோட்டை நீட்டி, "மாமா, என் பேருல இன்னொரு அர்ச்சனை. இடம் கிடைக்கக் கூடாதுன்னு எழுத முடியுமா?"ன்னான்.

எனக்குக் கை ஓடலை. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வேண்டுதல் நான் எழுதினதே இல்லை. "மன நிம்மதி"ன்னு எழுதிக் கொடுத்தேன். காசை வாங்கலை.

தேனியில 2019-ல நடந்தது ஞாபகம் இருக்கா? மகனுக்குப் பதிலா வேற ஒருத்தன் நீட் எழுதி, பையன் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தே சேர்ந்துட்டான். பிடிபட்டப்போ அப்பாவும் கைது. அப்பாவே டாக்டரு! அதே வருஷம் அமெரிக்காவுல ஒரு நடிகை மகளோட பரீட்சைத் தாளைத் திருத்த 15,000 டாலர் கொடுத்து, 14 நாள் ஜெயில் தண்டனை வாங்குச்சு. காசு இல்லாதவன் பண்ணினா வயித்துக்குன்னு சொல்லலாம். இவங்களுக்கு என்ன குறை?

என் சிநேகிதன் கிட்ட இதைச் சொன்னேன். நம்ம நாட்டுல டாக்டருங்க நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26 கருப்புச் சட்டையோட வெளிநடப்பு பண்ணினதையும் சொன்னேன். "உனக்குப் பொறாமை"ன்னுட்டான். வலிச்சுது. ஏன்னா அதுல பாதி உண்மை.

இப்போ நான் உங்ககிட்ட மறைச்சதைச் சொல்லிடறேன். என் மகளும் நல்லாப் படிச்சவதான். ஆறாம் படிவம் போறேன், எஸ்.டி.பி.எம். எடுக்கறேன்னு கெஞ்சினா. செலவும் கம்மி. எனக்குத்தான் கௌரவம். கமிட்டியில மத்தவங்க பிள்ளைங்க எல்லாம் பெரிய காலேஜ்ல இருக்கும்போது என் பிள்ளை பள்ளிக்கூட யூனிபாரத்துல போகணுமான்னு நினைச்சேன். இபிஎப்-ல காசு எடுத்து கோலாலம்பூர்ல ஒரு தனியார் காலேஜ்ல சேர்த்தேன். ஒரு வருஷம் தாங்கலை. ராத்திரி ஷிப்ட்ல இருக்கும்போது போன் வந்துச்சு, "அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க." போய்க் கூட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை, ரெண்டு பேரும்.

நம்ம தொழிற்சாலையில கையுறைக்குள்ள 1,000 மில்லி தண்ணி ஊத்தித் தொங்கவிட்டு ரெண்டு நிமிஷம் பார்ப்போம். ஒழுகினா ரிஜெக்ட். பிள்ளைக்கும் அதைத்தான் பண்ணியிருக்கேன்னு அந்த ராத்திரி கார்ல தோணுச்சு.

அதுக்கப்புறமும் கோயில்ல யாராச்சும் கேட்டா "கேஎல்-ல படிக்குது"ன்னுதான் சொன்னேன். அம்மன் சந்நிதியில நின்னு சொன்ன பொய். அவ படிச்சது நம்ம ஊரு யுனிசெல்-ல. வீட்டுல இருந்து மோட்டார்ல போனா பத்து நிமிஷம். ஊருக்குள்ளேயே ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, நமக்குத்தான் அது கண்ணுல படலை. இப்போ அவ வேலை செய்யறா, நல்லா இருக்கா. என் மேல கோபம் இருக்கான்னு இன்னும் கேட்கலை.

இதை எல்லாம் சிநேகிதன் மகன் கிட்ட சொன்னேன். அப்பா கிட்ட நீயே வாயைத் திறந்து பேசு, வேணும்னா நான் பக்கத்துல நிக்கறேன்னேன். போன மாசம் பேசினான். நானும் நின்னேன். பெரிய சத்தம். கடைசியில ஆறாம் படிவத்துக்குப் பேர் கொடுத்திருக்கான். இதை எழுதலாமான்னு பையன் கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

சிநேகிதன் என்கூட பேசறதில்லை. ஆடி வெள்ளி உபயம் ஒண்ணு வருஷா வருஷம் அவனுடையது. இன்னும் பதில் வரலை. அந்த வரியில அவன் பேரை எழுதி வச்சிருக்கேன், வேற யாருக்கும் கொடுக்கலை.