விளார்தேய்ப்பான்

சிரிப்பதற்கென்றே சொற்களைச் செய்து கொடுத்த ஒருவரை அண்மையில் சந்தித்தேன். நேரில் அல்ல; அவர் மறைந்தது கி.மு. 184-இல். பெயர் பிளாட்டஸ். இலத்தீன் மொழியில் இன்பியல் நாடகங்கள் எழுதியவர். நம் நூலக அலமாரியில் ஆங்கில மொழிபெயர்ப்பாகக் குடியிருக்கிறார்.

'பெர்சா' என்னும் அவரது நாடகத்தில், பெண்களை விற்றுப் பிழைக்கும் தரகன் ஒருவனை ஏமாற்ற, சகாரிஸ்டியோ என்ற அடிமை பாரசீகனாக வேடமிட்டு வருகிறான். தரகன் பெயரைக் கேட்கிறான். அவ்வளவுதான்! இரயில்வண்டிபோல் பெட்டி பெட்டியாக ஒரு பெயர் வருகிறது. அதில் ஒரு பெட்டி 'அர்கெந்தும்எக்ஸ்தெரெப்ரோனிதேஸ்'. முதலில் வெள்ளி, நடுவில் துளைத்தெடுப்பது, கடைசியில், இன்னார் மகன் என்று பெருமையடிக்கும் கிரேக்க விகுதி. 'உன் பணத்தைக் கறக்க வந்தேன்' என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறான். தரகனோ பெயரின் நீளத்தைப் பார்க்கிறானே தவிரப் பொருளைப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் இது சப்பென்றிருந்தது. தமிழில் முயன்றேன்: 'பணங்கறந்தான்புத்திரன்'. தமிழையும் வடமொழியையும் முடிச்சுப் போட்டதும் மூலத்தின் குறும்பு கொஞ்சம் கிடைத்தது. விடுதியில் பலத்த வரவேற்பு!

அந்தத் துணிவில் அடுத்த சொல்லுக்குப் போனேன். 'உல்மித்ரிபா', அதே நாடகத்தில் அடிமையை ஏசும் சொல். முன்பாதி எல்ம் மரம். அதன் விளாரால் அடிமைகளை அடிப்பார்கள். பின்பாதி கிரேக்கம், தேய்ப்பவன். விளார் தேயுமளவுக்கு அடி வாங்கியவன்! 'விளார்தேய்ப்பான்' என்றாக்கி அறைத்தோழன் ஒருவனுக்கே சூட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இரவு விளக்கணைத்த பிறகு சொன்னான்: "அஞ்சாவது படிக்கிறப்போ ஒரு வாத்தியாரு என்னைத்தான்டா அடிப்பாரு. விளாரு ஒடிஞ்சா, புளியமரத்துல ஏறிப் புதுசா ஒடிச்சிட்டு வர்றதும் நான்தான்."

எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் நூலை மீண்டும் புரட்டினேன். 'சிஸ்டெல்லாரியா' நாடகம் முடிந்ததும், பிழை செய்த நடிகனுக்கு இனி அடி காத்திருக்கிறது என்று அவையோருக்கு அறிவிக்கிறார்கள். முன்பு அதையும் சிரித்தபடியே தாண்டிப் போயிருந்தேன். ஆனால் 'பெர்சா'வின் முடிவு வேறு: அடிமைகள் விருந்துண்கிறார்கள், அடிபடுவது தரகன்.

தோழனிடம் இதைச் சொன்னேன். "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

அந்தப் பெயரை விட்டுவிட்டோம். பணங்கறந்தான்புத்திரன் மட்டும் இருக்கிறார்; சாப்பாட்டுக் கட்டணத்துக்கென்று என்னிடம் கடன் வாங்கி நான்கு மாதமாகிறது.