வாப்பாவின் மழைக்கோட்டு

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கமாக ஏ-9 வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் வந்தால் எங்கள் ஊர் அலுவிகாரை. என் வாப்பா வீதிகளுக்குத் தார் போடும் வேலை செய்பவர்.

சென்ற ஆண்டு பெற்றார் கூட்டத்துக்கு அவர் வேலைத்தளத்திலிருந்து நேரே வந்தார். மழைக்கோட்டிலும் சப்பாத்திலும் தார். "யாரது?" என்று தோழி கேட்டாள். "எங்கட பக்கத்து வீட்டு ஆள்" என்றேன். திரும்பினால், வாப்பா எனக்குப் பின்னால் நின்றார்.

அன்றிரவு அவர் ஒன்றும் கேட்கவில்லை. வழமைபோல் கோட்டையும் சப்பாத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சுபஹுத் தொழுததும் கோட்டைச் சுடுநீரில் ஊறவைத்தேன். தார் இளகி இன்னும் பரவியது. உம்மும்மா ஓடி வந்தார். "தார் தண்ணிக்கு அசையாது மகள். எண்ணெய்க்குத்தான் அசையும்" என்றார். உண்மைதான். இன்று வீதிக்கு இடும் தார், மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் மிஞ்சுவது. எண்ணெயின் பிள்ளை எண்ணெயில்தான் கரையும்.

ஐஸ் கட்டி வைத்துத் தாரை இறுகச் செய்து, கரண்டிக் காம்பால் சுரண்டினோம். மீதியில் தேங்காய் எண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விட்டு, பழந்துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றியெடுத்தோம். தேய்த்தால் கறை பரவும். பிறகு கோதுமை மாவைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சியதும் தட்டிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். சப்பாத்துக்கும் அதே வழிதான். தோல் என்பதால் நனைக்காமல் ஈரத்துணியால் துடைத்தோம். மண்ணெண்ணெய்யும் தாரைக் கரைக்கும். ஆனால் சாயம் போகலாம், நெருப்புப் பயமும் உண்டு என்று உம்மும்மா தடுத்துவிட்டார்.

மாவைக் கண்டதும் எங்கள் ஊர் விகாரையின் நினைவு வந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படுவது அது. அங்கே எழுத்தாணியால் ஓலையில் கீறி, மேலே கரிமை பூசி, மாவால் துடைத்துக் காட்டுவார்கள். மேலே பட்ட கறுப்பெல்லாம் போய்விடும். கீறிய இடத்தில் மட்டும் எழுத்து நிற்கும்.

தார் மேலே பட்டது. நான் சொன்ன வார்த்தை கீறியது. அதைத் துடைக்க உம்மும்மாவிடமும் மா இல்லை.

கோட்டைக் கொண்டுபோய் வாப்பாவின் கையில் கொடுத்து, "மன்னிச்சிருங்க வாப்பா" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தார் போடுறவன்ட கோட்டுல தார் இல்லாட்டி, வேலைக்குப் போகலண்டுதானே மகள் ஆக்கள் நினைப்பாங்க?" என்று சிரித்தார். என் தலையைத் தடவிய விரல்களின் நக இடுக்கில் தார் இருந்தது.

இந்த ஆண்டுக் கூட்டத்துக்கும் அவர் வேலையிலிருந்துதான் வந்தார். கோட்டில் புதிய தார். நான் வாசலுக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். தோழி கேட்கும் முன்பே சொன்னேன்: "இவங்கதான் என்ட வாப்பா."