காரீயத்துக்கு ஒரு மாற்று

அடுப்பு பற்றவைக்கும் காஸ் லைட்டரில் ‘டிக்’ என்று பொறி வருகிறதே, அதில் பேட்டரி கிடையாது. உள்ளே சின்னதாக ஒரு செராமிக் துண்டு இருக்கிறது. ஒரு குட்டிச் சுத்தியல் அதன்மேல் அடிக்க, அந்த அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தமாகிறது. ஜாக் க்யூரி, பியர் க்யூரி சகோதரர்கள் 1880இல் படிகங்களில் கண்டறிந்த குணம் இது. மறுபக்கமும் உண்டு: மின்சாரம் கொடுத்தால் துண்டு நுண்ணியதாக நீண்டு சுருங்கும். வேகமாக அதிரவைத்தால் மீயொலி பிறக்கும். திரும்பி வரும் எதிரொலியை அதுவே மின்சாரமாகவும் மாற்றும். வயிற்றுக்குள் இருந்த என் மகளை நான் முதலில் பார்த்தது இப்படித்தான்.

இந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை லெட் சிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பிஇசட்டி. 1950களிலிருந்து அதன் ராஜ்ஜியம்தான். அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் காரீயம்.

காரீயம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். காரீயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த எழுத்துகளை நாள் முழுக்கக் கோப்பார். மாலையில் விரல் நுனிகள் சாம்பல் பூத்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் எங்களைத் தொடமாட்டார். “ரசம் வைக்கிற சொம்பும் ஈயம்தானேடா, அதுக்கென்ன இத்தனை பயம்?” என்பாள் பாட்டி. “அது வெள்ளீயம்மா, இது காரீயம்” என்பார். அந்தக் காரீயம்தான் எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியது. ஆஃப்செட் வந்தபின் எழுத்துகள் எடைக்குப் போயின.

இங்கிலாந்தில் பொருளறிவியல் முதுகலை படித்தபோது நான் கையிலெடுத்தது காரீயம் இல்லாத வகை: பொட்டாசியம் சோடியம் நையோபேட். மாற்றுப் பொருள்களில் மூத்தது பேரியம் டைட்டனேட்; ஆனால் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் அழுத்தமின் குணம் போய்விடும். நையோபேட் 400 டிகிரி வரை தாங்கும். சிக்கல் சூளையில்தான். சுடும்போது பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகும்; கலவை விகிதம் மாறும்; தூளோ ஈரத்தை உறிஞ்சும். 2004இல் ஜப்பானில் டொயோட்டாவின் ஆய்வுக்கூடமும் டென்சோவும் படிகத் துகள்களை ஒரே திசையில் அடுக்கி, பிஇசட்டிக்கு இணையான நையோபேட்டைச் செய்து காட்டின. உலகெங்கும் ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் செய்ததை லட்சக்கணக்கில் மலிவாகச் செய்வது வேறு வித்தை.

படிப்புக் கடன் என்னை ஐடிக்குத் தள்ளியது. இன்று ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்துக்கு, எந்தப் பாகத்தில் என்ன பொருள் என்று பதியும் மென்பொருளைப் பராமரிக்கிறேன். 2006 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, மின்னணுக் கருவிகளில் எந்த ஒரு பொருளிலும் காரீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏற்ற மாற்று இல்லை என்பதால் அழுத்தமின் செராமிக்குகளுக்கு விலக்கு உண்டு. விலக்குக்குக் காலக்கெடு உண்டு. கெடு நெருங்கினால் நீட்டிக்கக் கேட்கிறார்கள்.

மாற்று என்றாலே தூய்மை என்றும் சொல்லிவிட முடியாது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் சுரங்கத்திலிருந்து கணக்குப் பார்த்தார்கள். நையோபியத்தைத் தோண்டிப் பிரிப்பதில் ஏற்படும் கேட்டையும் சேர்த்தால், காரீயமில்லாத பொருளின் சுமை பல வகையில் கூடுதலாக வந்தது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

இதை அப்பாவிடம் வீடியோ காலில் சொன்னேன். “சுரங்கத்துல நிக்கிறவன் வேற, பழைய மிஷினை உடைச்சுப் பிரிக்கிறவன் வேற. ரெண்டு பேரையும் ஒரே கணக்குல கூட்டிட முடியுமாப்பா?” என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரீயம் செராமிக்குக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அதைப் பயன்படுத்தும் மருத்துவருக்கும் தாய்க்கும் கெடுதல் இல்லை. தூளைக் கலக்கிறவர், சூளை அருகே நிற்கிறவர், கடைசியில் உடைக்கிறவர் ஆகியோருக்கே அது கணக்கு. எந்த வேலைக்கு எந்தப் பொருள் என்று பார்த்து, முடிகிற இடத்தில் மாற்றத்தான் வேண்டும். அதிதிறன் மீயொலிக் கருவிகளுக்கு பிஸ்மத் சோடியம் டைட்டனேட் வகைகள் நல்ல பொருத்தம். எல்லாவற்றையும் ஒன்றே ஈடுகட்டும் என்று காத்திருந்தால் விலக்குதான் நீளும்.

போன மாதம் ஒரு கூட்டத்தில், விலக்கு நீளும்போது புதிய தேதியை மென்பொருளே எல்லாப் பாகங்களுக்கும் நிரப்பிவிடட்டும் என்றார்கள். அரை நாள் வேலைதான். நான் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ஏன் இன்னும் மாற்றவில்லை என்று பொறியாளர் இரண்டு வரி எழுதட்டும் என்று வாதாடினேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். இதுவரை 41 பாகங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் மூன்றில், ‘மாற்றிப் பார்க்கலாம்’ என்று இருக்கிறது.