தண்டுச் சந்தை முட்டையும் தேசாந்தரச் சமையலும்

பெங்களூர் நகரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் லால்பாக் தோட்டத்தையும் விதான சௌதா மாளிகையையும் வருணித்து அமைவர். நாள்தோறும் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நம் குடும்பங்களுக்கோ அவற்றினும் பயன் மிகுந்த இடம் ஒன்று உண்டு. சிவாஜி நகரில் 1927-ஆம் ஆண்டில் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டும் அதனைச் சுற்றிய தெருக்களுமே அவ்விடம். தூய மரியன்னை பேராலயத்தின் கோபுரத்தைக் குறியாக வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது.

இப்பகுதியின் கதை நம்மவரின் கதையும் ஆகும். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த தம் படையை இங்குக் கொணர்ந்து பாளையம் அமைத்தனர். படையின் பின்னே சென்னை ராஜதானியிலிருந்து சிப்பாய்களும், கொத்தரும், சலவைத் தொழிலாளரும், பங்களாச் சமையற்காரரும் வந்து குடியேறினர். அவருள் தமிழர் மிகப் பலர். 1864-ல் ஜோலார்பேட்டைக்கும் இவ்விடத்திற்கும் இருப்புப் பாதை இணைந்தபின் வரவு இன்னும் பெருகிற்று. கன்னடத்தில் ‘தண்டு’ என்றால் படை. கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தைக் கன்னடத்தில் தண்டு நிலையம் என்றே வழங்குகின்றனர். தண்டநாயகன் என்ற சொல்லை அறிந்த நமக்கு அது அந்நியமாகவும் படுவதில்லை. 1949 வரை நகரமும் தண்டும் வெவ்வேறு நகராட்சிகளாக இருந்தன என்பதை இன்றைய இளைஞர்க்குச் சொன்னால் வியப்பர்.

பங்களாச் சமையலறையில் ஆம்லெட் என்னும் பிரெஞ்சுப் பண்டத்தைக் கைப்பழக்கமாக்கிக் கொண்டவர்கள் நம் முன்னோர். அதில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் சேர்ந்தபோது அது நம்முடையதாகிவிட்டது. இன்று ரயில் நிலையங்களில் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே மடித்துக் கொடுக்கப்படும் ஆம்லெட்டை அயல்நாட்டு உணவு என்று எவரும் எண்ணுவதில்லை. இரவுப் பணி பார்க்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு அது அமுதம். இக்கட்டுரையின் கருத்தும் இதுவே: ஆம்லெட்டுக்கு அன்று நிகழ்ந்தது பிற தேசத்துப் பண்டங்களுக்கும் நம் வீட்டில் நிகழலாம்.

முதலில் முட்டை வாங்கும் வகை. சந்தைத் தெருக்களில் மூன்று மொழிகளிலும் கூவி விற்பர். கன்னடத்தில் ‘மொட்டெ’, உருது பேசுவோர் ‘அண்டா’ என்பர். ஊரிலிருந்து புதிதாய் வந்த என் மாமியார் இதைக் கேட்டு, “இவ்வளவு சின்னக் கடையில் அண்டா எங்கே வைத்திருக்கிறான்?” என்று தேடினார். நாமக்கல் கோழிப் பண்ணைகளிலிருந்து சேலம், தருமபுரி, ஓசூர் வழியாக லாரிகளில் முட்டை இங்கு வருகிறது. நம்மில் பலர் வந்த வழியும் அதுவே. அட்டை ஒன்றுக்கு 30 முட்டை. வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பது நலம். புதிய முட்டை அடியில் படுத்திருக்கும், நாட்பட்டது தலைதூக்கி நிற்கும், மிதப்பதை எறிந்துவிடுக. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதே மிதப்பதன் காரணம்.

இவ்வூரில் முட்டை வேகவைப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே தண்ணீர் இங்கே 100 பாகையில் அன்று, சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் வேகவைத்துப் பழகியவர்கள் ஓரிரு நிமிடம் கூடுதலாக விடவேண்டும். அதற்காக அரைமணி நேரம் கொதிக்கவிடுவதும் தகாது. அளவுக்கு மிஞ்சி வெந்த முட்டையில் வெண்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடி, மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சைச் சாம்பல் வளையம் தோன்றும். நஞ்சன்று, ஆனால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். வெந்தவுடன் குளிர்ந்த நீரில் இட்டால் வளையம் வராது.

பிள்ளைகள் முகம் சுளிப்பது எனக்கு வேடிக்கைப் பேச்சன்று. சென்ற ஆண்டு என் மூத்த மகள் டைபாய்டு கண்டு மூன்று வாரம் படுத்து எழுந்தாள். ஒன்பது வயதுச் சிறுமி. கை கால்கள் குச்சியாகிவிட்டன. நாள்தோறும் இரண்டு முட்டை கொடுக்கும்படி டாக்டர் சொன்னார். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. குமாஸ்தாவின் சம்பளத்தில் வாங்கக்கூடிய புரதமும் அதுவே. அப்போது நாங்கள் நகரின் தென்பகுதியில் குடியிருந்தோம். வீடு பிடிக்கும்போது இறைச்சியும் மீனும் கூடாது என்றார் வீட்டுக்காரர். முட்டையைப் பற்றிப் பேச்சு எழவில்லை. ஒரு நாள் காலை குப்பைக் கூடையில் ஓட்டைப் பார்த்துவிட்டு, “ஸார், இது நம்ம வீட்டிலே ஆகாது. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். “குழந்தைக்கு மருந்து மாதிரிதானுங்க ஐயா” என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்தோம்.

அவரவர் ஆசாரம் அவரவர்க்கு. அவர் வீட்டில் அவர் விதிப்பதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆயினும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் இவ்வூரில், உடல் தேறாத குழந்தையை வைத்துக்கொண்டு வேறு வீடு தேடுவது எத்தகைய துன்பம் என்பதை அனுபவித்தோரே அறிவர். நம் வாசகருள் அத்தகையோர் பலர் இருப்பர் என்பது என் துணிபு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மதிய உணவில் 1989-லேயே முட்டை இடம்பெற்றது. கர்நாடகத்தில் 2021-ன் இறுதியில் சில மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் வந்தது, உண்ணாதவர்க்கு வாழைப்பழம். அரசாங்கமே பள்ளியில் கொடுக்கும் பொருளைக் குழந்தை வீட்டில் மறைவாக உண்ண வேண்டியிருப்பது விந்தையே.

காக்ஸ் டவுனில் ஓர் அறை குறைந்த வீடு கிடைத்தது. முட்டைக்குத் தடையில்லை. ஆனால் இப்போது மகளே தடை போட்டாள். பத்து நாள் வேகவைத்த முட்டை தின்றவள், பதினோராம் நாள் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். அடுத்த வீட்டு அம்மையார் எண்பதை நெருங்குபவர்; அவருடைய மாமனார் பங்களாச் சமையற்காரராக இருந்தவராம். எங்கள் வீட்டுப் போராட்டத்தைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வந்து, “தினம் ஒரே மாதிரி கொடுத்தா புள்ளை எப்படித் தம்பி திங்கும்? முட்டையை மாத்த வேண்டாம், பாத்திரத்தை மாத்து” என்றார். அதிலிருந்துதான் எங்கள் வீட்டுத் தேசாந்தரச் சமையல் தொடங்கியது.

முதலில் ஜப்பான். பிடதியில் டொயோட்டா மோட்டார் ஆலை வந்த காலந்தொட்டு இவ்வூருக்கும் அத்தேசத்துக்கும் போக்குவரவு மிகுதி. அவ்வாலையில் பணிபுரியும் நண்பரின் தம்பி, ஜப்பானியர் வீட்டு விருந்தொன்றில் உண்ட ‘சவன்முஷி’ என்னும் பண்டத்தைப் பற்றிச் சொன்னார். தேநீர்க் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்தது என்பது அச்சொல்லின் பொருள். ஆவி என்றால் நமக்குத் தெரியாததா? இட்லிப் பானை எதற்கு இருக்கிறது?

இரண்டு முட்டைக்கு அதன் அளவில் மூன்று பங்கு நீர்மம் வேண்டும். அதாவது ஏறக்குறைய 300 மில்லி. அவர்கள் கடற்பாசியும் உலர்ந்த மீனும் இட்டுக் காய்ச்சிய சாற்றைச் சேர்ப்பர். நாங்கள் காரட், வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, நான்கு மிளகு ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு வடித்து, உப்பிட்டு, நன்றாக ஆறவைத்துக் கொள்கிறோம். சூடாக ஊற்றினால் முட்டை அப்போதே திரிந்துவிடும். நுரை எழாமல் கலக்கித் தேநீர் வடிகட்டியில் வடித்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஆவிநீர் சொட்டாதபடி ஒவ்வொன்றையும் தட்டால் மூடி இட்லிப் பானையில் வைக்க வேண்டும். இங்கேதான் நம் கைப்பழக்கம் நம்மை ஏமாற்றும். இட்லிக்குப் போல அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால், உள்ளே தேன்கூடு போலத் துளை விழுந்து நீர் கக்கிவிடும். வெண்கரு 62 பாகை வெப்பத்தை ஒட்டி இறுகத் தொடங்குகிறது. மஞ்சட்கரு அதற்குச் சற்று மேலே. கொதிக்கும் ஆவி அதற்கு மிகையான சூடு. ஆகவே நீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, பானை மூடியை ஒரு கரண்டிக் காம்பின்மேல் சாய்த்துச் சிறிது இடைவெளி விட்டு, 12 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஓர் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் தெளிந்த நீர் ஊறவேண்டும். பால்போல் கலங்கி வந்தால் இன்னும் வேகவில்லை. பிள்ளைகளுக்கு முற்றும் இறுகியபின்பே கொடுப்பது நன்று. மேலே ஒரு கொத்துமல்லி இலை, சிறிது மிளகுத்தூள். வாயிலிட்டால் இளநீர் வழுக்கை போல நழுவும். மகள் முதற் கிண்ணத்தை முடித்துவிட்டு, “அம்மா, இது முட்டையா?” என்று கேட்டாள். ஆம் என்று சொல்ல என் மனைவிக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது.

அடுத்தது ஸ்பெயின் நாட்டு ‘தோர்த்தியா’. மெக்சிகோவில் இதே பெயரால் வழங்கும் சோள ரொட்டி வேறு, மயங்க வேண்டாம். இது உருளைக்கிழங்கு முட்டை அடை எனலாம். நான்கு முட்டைக்கு நடுத்தரக் கிழங்கு மூன்று. மெல்லிய வில்லைகளாக அரிந்து, எண்ணெயைத் தாராளமாக விட்டு, முறுகவிடாமல் இளந்தீயில் குழைய வேகவைக்க வேண்டும். வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று அந்நாட்டார் இன்னும் வழக்காடுகின்றனராம். நம் ஊரில் அவ்வழக்குக்கு இடமேயில்லை. வெங்காயம் இல்லாமல் எது இறங்கும்? எண்ணெயை வடித்து, கிழங்கை அடித்த முட்டையில் இட்டுக் கால்மணி ஊறவைத்து, குழிந்த இரும்புச் சட்டியில் ஊற்றி, அடிப்புறம் வெந்தவுடன் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடித் திருப்பிப் போட வேண்டும். தைரியமாக ஒரே வீச்சில் திருப்புக. பாதியில் தயங்கினால் கை சுடும், அடையும் போகும். ஆறினாலும் சுவை குன்றாமையால் பள்ளிக்கூட டப்பாவுக்கும் இரவுப் பணிக்கும் இது மிக ஏற்றது. என் மேசைக்கு அருகிலுள்ள இருவர் இப்போது தத்தம் வீட்டில் செய்விக்கின்றனர்.

துருக்கியரின் ‘மெனெமென்’, துனிசியா முதலிய வடஆப்பிரிக்க நாட்டாரின் ‘ஷக்ஷுகா’ ஆகியவற்றைப் பற்றி நீள எழுதத் தேவையில்லை. தக்காளியையும் மிளகாயையும் வதக்கி அதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றுவதே இரண்டும். துருக்கியர் கலக்குவர், மற்றவர் கலக்காமல் மூடிவைப்பர். நம் பாட்டிமார் கொதிக்கும் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றிக் கரண்டி படாமல் வைத்திருந்தார்களே, அதற்கும் இதற்கும் உள்ள தூரம் ஒரு பிடி புளிதான். சீரகத்தூள் மட்டும் சிறிது கூட்டுக. தோசையோடும் செல்லும்.

யாழ்ப்பாணத்தாரின் முட்டை அப்பத்தையும், மலேயா சென்ற நம்மவர் அங்கே பரப்பிய முட்டை ரொட்டியையும் அயல்நாட்டுப் பண்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆப்பச்சட்டி உள்ள வீட்டில் முன்னதை இன்றே செய்து பார்க்கலாம். ஓரம் முறுகத் தொடங்கும்போது நடுவில் முட்டையை விட்டு மூடினால் போதும்.

இவற்றையெல்லாம் உணவகங்களில் உண்ணலாகாதா எனில், உண்ணலாம். செயின்ட் மார்க்ஸ் சாலைக் கோஷீஸிலும், 2009-ல் மகாத்மா காந்தி சாலையை விட்டுச் சர்ச் தெருவுக்குப் பெயர்ந்த இந்தியா காபி ஹவுஸிலும் முட்டையும் ரொட்டியும் உண்டு மகிழ்ந்தவர் எத்தனையோ பேர். நால்வர் கொண்ட குடும்பம் மாதம் ஒருமுறை போகலாம். மகளுக்கோ நாள்தோறும் இரண்டு வேண்டும்.

இறுதியாகப் பார்சிகள். பாரசீகத்திலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து குஜராத்திலும் பம்பாயிலும் வேரூன்றிய அம்மக்கள் முட்டையை அறிந்ததுபோல் வேறெவரும் அறியார் என்பேன். அவர்களது ‘அகூரி’ நம் முட்டைப் பொரியலுக்குத் தமக்கை. ஆனால் உதிரவிடாமல் குழைவாக இறக்குவர். அதனினும் எனக்குப் பிடித்தது அவர்களுடைய மற்றொரு வழக்கம். வதக்கிய காய் எதுவாயினும், வெண்டைக்காயோ, உருளைக்கிழங்கோ, தக்காளியோ, அதைச் சட்டியில் பரப்பிக் குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவார்கள். நேற்று மீந்த பொரியலுக்கு இதைவிட நற்கதி இல்லை. என் மனைவி வெண்டைக்காயில் தொடங்கி முருங்கைக்கீரை வரை வந்துவிட்டாள். கீரையைக் கண்டால் ஓடும் மகள், முட்டைக்காகக் கீரையையும் சேர்த்து உண்கிறாள். எடை இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறது. பாகற்காயின்மேல் ஊற்றிப் பார்க்கலாமா என்று வீட்டில் ஆலோசனை நடக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.