பலம் கொஞ்சம் குறையட்டும்

கச்சிராயப்பாளையத்திலிருந்தும் கல்வராயன் மலை ஊர்களிலிருந்தும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துச் சேலத்துக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம், எவர்சில்வர் எப்படி உடைகிறது என்பதை நான் சொல்லாமல் விடுவதில்லை. துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கிய உலோகம், பளபளப்பு மங்காமலேயே ஒருநாள் விரிசல்விட்டுவிடும். அதற்கு மூன்று சேர வேண்டும்: இடம்கொடுக்கும் உலோகம், உப்பிலிருந்து வரும் குளோரைடு போன்ற ஒரு தூண்டல், இழுவிசை. மேலே பாரம் தொங்கித்தான் இழுக்க வேண்டுமென்பதில்லை. வளைத்தபோதும் வெல்டிங் வைத்தபோதும் உள்ளே தங்கிப்போன இறுக்கமே போதும்.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே மாதம் ஒரு நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள், குளத்துக் காற்றிலிருந்த குளோரைடால் விரிசல்விட்டிருந்தன. குளம் திறந்து 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

நம் வீடுகளிலும் இப்படித் தாங்குகிற ஒருவர் இருக்கிறார். கரும்புப் பணம் தாமதமானாலும், தங்கை கல்யாணக் கடன் ஏறினாலும் முகம் மாறாதவர். ‘அவருக்கென்ன, இரும்பு மனுஷன்’ என்று சொல்லியே எல்லாரும் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். பிறகு யாரோ சொன்ன ஒரு சொல்லில் அவர் நொறுங்கிப்போவார். ஊர் அந்தச் சொல்லைத்தான் குற்றம் சொல்லும். பல வருஷமாக உள்ளே ஏறிய இறுக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

பம்பு ஷாஃப்ட், வால்வுக்கெல்லாம் 17-4 பிஎச் என்றொரு உறுதியான எவர்சில்வர் ரகம் உண்டு. சுமார் 480 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தினால் அதன் பலம் உச்சத்தில் இருக்கும். விரிசலுக்கு அஞ்ச வேண்டியதும் அந்த நிலையில்தான். 620 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், உப்பால் வரும் விரிசலை எதிர்த்து நிற்பதோ நன்றாகக் கூடும். அனுபவமுள்ள பொறியாளர் உப்புக்காற்று உள்ள இடத்துக்குத் தெரிந்தே இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்குவார். மனிதரிலும் அப்படித்தான்: பிறர் வாயிலிருந்து வரும் சொல்லை நம்மால் தடுக்க முடியாது, பிறவிக் குணத்தையும் மாற்ற முடியாது. இறுக்கத்தைத் தளர்த்துவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

கரும்பு ஆலையில் அரவை முடிந்ததும் ஷாஃப்டைக் கழற்றிச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழுந்து வரும். வீட்டிலும் அப்படித்தான் தேட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவிடமோ அண்ணனிடமோ தனியாக உட்காருங்கள் பிள்ளைகளே. ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். எந்தக் கடனை நான் கட்டட்டும் என்று கேளுங்கள்.