பள்ளிவாசல் மரமும் நம் அமானத்தும்

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள இந்நபிமொழியை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். முஸ்லிம் தொகுப்பிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. பாதையில் மக்களுக்குத் தொல்லையாக நின்ற மரத்தை வெட்டி அகற்றிய ஒருவர், அச்செயலின் பொருட்டுச் சொர்க்கத்தில் உலவுவதைத் தாம் கண்டதாக நபியவர்கள் அறிவித்தார்கள். மரம் நடுவதும் நன்மை. தீங்கு தரும் மரத்தை அகற்றுவதும் நன்மை. நம் முன் நிற்கும் மரம் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்று அறிவது எப்படி? சென்ற ஆண்டு கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஜமாஅத்தார் முன் இக்கேள்வி எழுந்தது.

எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் முன்னோர் நட்ட தூங்குமூஞ்சி மரம் ஒன்று உள்ளது. சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பீகார், ஒடிசா சகோதரர்கள் ஜும்ஆவுக்குத் திரளும்போது உள்ளே இடம் போதாது. அவர்களுடைய ஸஃப்புகள் அம்மரத்தின் நிழலில்தான் நிற்கும். நாள்தோறும் அஸருக்குப் பின் மத்ரஸாப் பிள்ளைகள் கூடுவதும் அங்கேதான். ஒரு நள்ளிரவில் காற்றே இல்லாத வேளையில் அதன் கிளையொன்று முறிந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும் மறுநாள் மஷூராவில் கருத்துகள் பிரிந்தன. மரத்தையே வெட்டிவிட வேண்டும் என்றனர் சிலர். அல்லாஹ் நாடியது நடக்கும், நிழலை அழிக்க வேண்டாம் என்றனர் வேறு சிலர். “ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது திர்மிதியில் உள்ள படிப்பினை. முதலில் விவரம் அறிந்தவரைக் கேளுங்கள்” என்றார் ஹஜ்ரத்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நம் பகுதியினர் மறக்கவில்லை. 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் சாலையோர மரமொன்று காரின் மீது விழுந்து ஒரு பெண்மணி உயிரிழந்தார். அருகில் வடிகாலுக்காகத் தோண்டியது அதற்குக் காரணமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது.

மரங்களின் நலனையும் ஆபத்தையும் ஆராய்வது உலகில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. 1924இல் அமெரிக்காவில் தோன்றிய அமைப்பொன்று, இன்று பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கமாக விளங்கி, மர ஆபத்தை மதிப்பிடுவோருக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. அத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரை நண்பர்கள் மூலம் வரவழைத்தோம்.

அவர் முதலில் மரத்தைப் பார்க்கவில்லை. மரத்தின் கீழே பார்த்தார். யார் நிற்கிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஆள் நடமாட்டமில்லாத காட்டில் உளுத்த மரம் விழுந்தால் அது ஆபத்தன்று என்றார். மூன்று கேள்விகளை அவர் தனித்தனியே வைத்தார்: மரமோ கிளையோ முறிய வாய்ப்பு எவ்வளவு? முறிந்தால் ஆள்மீதோ பொருள்மீதோ விழ வாய்ப்பு எவ்வளவு? விழுந்தால் விளைவு எத்தகையது? இம்மூன்றையும் சேர்த்தே குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று ஆபத்தை வகுக்கிறார்கள்.

பின்னர் மரத்தைச் சுற்றி வந்து வேரிலிருந்து மேல்நோக்கி ஆராய்ந்தார். சாய்வு பழையதா, புதியதா என்று நோக்கினார். பழைய சாய்வில் மரத்தின் நுனி மெல்ல நிமிர்ந்திருக்கும். புதிய சாய்வில் எதிர்ப்புறத்து மண் வெடித்தோ மேலெழும்பியோ இருக்கும். சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி ஒலி கேட்டார். ஓரிடத்தில் உள்ளே பொந்து இருப்பது தெரிந்தது. பொந்து மட்டுமே மரணச் செய்தியன்று என்று விளக்கினார். மரத்தின் உயிரோட்டம் வெளிப்புறத்தில்தான் உள்ளது. எஞ்சியிருக்கும் நல்ல மரச்சுவரின் தடிமனே கணக்கு. அது ஆரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இருக்க வேண்டும் என்பது ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக் முன்வைத்த அளவுகோல். அதுவும் ஒரு வழிகாட்டியே, முடிந்த தீர்ப்பன்று. ஐயம் மிகுந்தால் ஒலியலைக் கருவியாலோ மெல்லிய ஊசித் துளையாலோ உள்ளே சோதிப்பதுண்டு.

குழாய்க்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தையும் அளந்தார். அடிமரத்தின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் பெருவேர்கள் வெட்டப்பட்டால் மரத்தின் நிலைப்பே ஐயத்துக்குரியது. எங்கள் மரத்தின் விட்டம் 3 அடி. பள்ளம் 12 அடிக்கு அப்பால் இருந்தது.

மரம் நிற்கும் என்பது அவர் முடிவு. ஆனால் மத்ரஸாவின் மேல் நீண்டிருந்த ஒரு பெருங்கிளை நிற்காது. அது பிரியும் கவட்டில் இரு புறத்துப் பட்டைகளும் உள்மடிந்து நெருக்கிக்கொண்டிருந்தன. மரத்தோடு மரம் இணையவில்லை. அக்கிளையையும் பட்ட கொம்புகளையும் மட்டும் நீக்கச் சொன்னார். உச்சியை மொட்டையடிக்க வேண்டாம் என்று வற்புறுத்தினார். அப்படி வெட்டிய இடத்தில் உளுப்பு நுழையும். புதிதாகத் துளிர்க்கும் கிளைகள் பிடிப்பின்றி வளர்ந்து பிற்காலத்தில் முறியும்.

சுற்றுச்சுவரின் மூலையில் செந்நிறப் பூக்களோடு அழகாக நின்ற மயில்கொன்றையை அவர் காட்டியபோது அனைவரும் வியந்தோம். அதன் அடியில் தட்டையான காளான்கள் முளைத்திருந்தன. வேர் அழுகலுக்கு அவை சான்று. சாலைக்கு எதிர்ப்புறம் மண்ணும் வெடித்திருந்தது. ஷிப்ட் பேருந்துக்காகத் தொழிலாளர்கள் காத்திருப்பது அதன் சாய்வுக்குக் கீழேதான். அம்மரத்தை அந்த வாரமே அகற்றினோம். பொந்துள்ள மரம் தங்கியது. பூத்துக் குலுங்கிய மரம் போயிற்று.

தூங்குமூஞ்சியின் அடியைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டையும் பெயர்த்தோம். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது, வேருக்குக் காற்றும் நீரும் வேண்டும் என்பதனால்தான். பலத்த காற்றிலும் பெருமழையை அடுத்தும் மரத்தடியில் ஸஃப் நிறுத்துவதில்லை என்றும் முடிவு செய்தோம். எந்த மதிப்பீடும் காலவரம்புக்கு உட்பட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மீண்டும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிச் சென்றார்.

அன்புச் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டு வாசலிலும் பள்ளிவாசலிலும் கப்ருஸ்தானிலும் மரங்கள் இருக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அவற்றைச் சுற்றி வாருங்கள். அடியில் காளான், மண்ணில் வெடிப்பு, வெட்டுண்ட வேர், பட்ட கிளை, நெருங்கிய கவடு ஆகியவற்றைக் கண்டால் விவரம் அறிந்தவரை அழையுங்கள். மின்கம்பி அருகில் இருந்தால் நீங்களே ஏறாதீர்கள். பொது இடத்து மரமாயின் அதிகாரிகளின் அனுமதியின்றித் தொடாதீர்கள். அச்சத்தால் வெட்டுவதும் அலட்சியத்தால் விட்டுவிடுவதும் அமானத்தைப் பேணுவதாகாது.

மயில்கொன்றை நின்ற மூலைக்குச் சற்று உள்ளே இரண்டு புங்கங்கன்றுகளை மத்ரஸாப் பிள்ளைகள் நட்டிருக்கிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவற்றின் நிழலையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.